அத்தியாயம் 7: பிரெஞ்சு ஏட்டின் இறந்தகாலம் – ஒழுங்கு வினைகளின் பஸே சேம்ப்ள்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பிறந்து பாரிசில் குடியேறியவர் பிரெஞ்சைப் பெரும்பாலும் காதால்தான் கற்கிறார். உணவகச் சமையலறையில் கேட்டது, மெற்றோவில் கேட்டது, லா சப்பல் கடைத்தெருவில் பேரம் பேசிப் பழகியது, பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை சொன்னது என்று சொல் சொல்லாகச் சேர்கிறது மொழி. சில ஆண்டுகளில் பேச்சு ஓடத் தொடங்கிவிடும். தொலைக்காட்சிச் செய்தியும் விளங்கும். ஆனால் மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதைப்புத்தகத்தை விரித்தால் முதற்பக்கத்திலேயே தடுக்கும். கதை எளிதுதான், பெயர்ச்சொற்களும் தெரிந்தவைதான். வினைகள் மட்டும் தெருவில் ஒருநாளும் கேட்டிராத முடிவுகளோடு நிற்கும்: ‘கித்தா’, ‘கித்தேர்’, ‘தெஸாந்தி’, ‘ஃபினீர்’.

இவை எல்லாம் ‘பஸே சேம்ப்ள்’ என்னும் இறந்தகாலத்தின் வடிவங்கள். பெயருக்கு ‘எளிய இறந்தகாலம்’ என்று பொருள். துணைவினை எதுவும் சேராமல் ஒரே சொல்லாக வருவதால் இந்தப் பெயர். பேச்சில் வழங்கும் ‘பஸே கொம்போஸே’ துணைவினையும் சேர்ந்த கூட்டு வடிவம். அவன் ஊரை விட்டுப் போனான் என்பதைப் பாரிஸ் தெருவில் ‘இல் ஆ கித்தே’ என்று இரு துண்டாகச் சொல்வார்கள். நாவலில் அதுவே ‘இல் கித்தா’ என்று ஒரு சொல்லில் முடியும். இரண்டுக்கும் பொருள் ஒன்று, இடம் வேறு.

தீவகத்து வாசகருக்கு இது புதிய அனுபவமே இல்லை. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நான் நேற்று வந்தனான்’, ‘அவர் போனவர்’ என்கிறோம். கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘வந்தேன்’, ‘சென்றார்’ என்று கை தானாக மாறுகிறது. பிரான்சில் வாரஇறுதித் தமிழ்ச்சோலைக்குப் போகும் பிள்ளைக்கும் இதே நிலைதான். வீட்டில் ‘போனவர்’ என்று கேட்டு, வகுப்பில் ‘சென்றார்’ என்று எழுதப் பழகுகிறது. வாய்க்கு ஓர் இறந்தகாலம், ஏட்டுக்கு ஓர் இறந்தகாலம் என்ற ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. பிரெஞ்சில் அந்த ஏட்டு வடிவத்தை எப்படி அடையாளம் காண்பது, எப்படி அமைப்பது என்பதே இந்த அத்தியாயம்.

எங்கே வரும், எங்கே வராது

நாவல், சிறுகதை, நாட்டார் கதை, வரலாற்று நூல், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் இந்தக் காலம் இன்றும் வாழ்கிறது. ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதைகள், ஜூல் வெர்னின் சாகச நாவல்கள், 1943இல் வந்த சேந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ ஆகிய யாவற்றிலும் பஸே சேம்ப்ள் நிறைய வரும். நாளிதழ்களும் ஒருவருடைய வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லும்போது சில நேரம் இதை நாடுகின்றன.

பேச்சிலிருந்து இது விலகியது ஒரே நாளில் நடந்ததன்று. 1660இல் வெளிவந்த போர்-ரோயால் இலக்கண நூல், அன்றைய நாளில் நடந்ததற்கு இந்தக் காலத்தைப் பயன்படுத்தலாகாது என்றது. நேற்றோ அதற்கு முன்போ நடந்து முடிந்ததற்குத்தான் இது பொருந்தும் என்பது அக்கால இலக்கணகாரர் வகுத்த எல்லை. பிறகு பேச்சில் கூட்டு வடிவம் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ள, எளிய வடிவம் ஏட்டோடு நின்றது. 1942இல் அல்பேர் கமுய் தம் ‘அந்நியன்’ நாவலைப் பெரும்பாலும் பேச்சின் இறந்தகாலத்தில் எழுதியபோது, அதுவே ஒரு துணிச்சலான இலக்கிய முடிவாகப் பேசப்பட்டது. 1953இல் ரோலான் பார்த், 1959இல் மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்த் ஆகியோர் இந்தக் காலத்தைப் பற்றி எழுதியவை இன்றும் பாடமாக வாசிக்கப்படுகின்றன.

வராத இடங்களையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். தொலைபேசியில், வேலையிடத்தில், மருத்துவரிடம், முகாமையாளருக்கு எழுதும் கடிதத்தில் இது வராது. அகதித் தஞ்சம் கோருவோர் ஒஃப்ப்ரா அலுவலகத்துக்குத் தங்கள் வாழ்க்கைச் சம்பவங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆட்கள் அதைக் ‘கேஸ் எழுதுவது’ என்பார்கள். அந்தக் கேஸுக்கு உரியது பஸே கொம்போஸே. தன் சொந்த வாழ்க்கையில் நடந்ததை ஒருவர் ‘நான்’ என்று தொடங்கிப் பஸே சேம்ப்ளில் எழுதினால் அது நாவல் பக்கம்போல் ஒலிக்கும். குடியுரிமைக்கான மொழித்தேர்வின் எழுத்துப் பகுதியிலும் இந்தக் காலத்தை எழுதிக்காட்டத் தேவையில்லை.

அப்படியானால் எதற்காகக் கற்பது? வாசிப்பதற்காக. பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதற்காக. 2016இல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுப் பாடத்திட்டம், தொடக்கப்பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளையும் கொலேஜின் முதல் வகுப்பையும் சேர்த்த கட்டத்தில், பஸே சேம்ப்ளின் படர்க்கை வடிவங்களை முன்னிறுத்தியது. அப்போது பிரான்சில் பெரிய வாதம் எழுந்தது. அதற்கு முன்பே 2000களில், ‘ஐவர் குழு’ சிறுவர் நாவல்களின் புதிய பிரெஞ்சுப் பதிப்புகளில் பஸே சேம்ப்ளை எடுத்துவிட்டு நிகழ்காலத்தைப் போட்டார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் குறைகூறியதுண்டு. ஒரு நாடே தன் பிள்ளைகளுக்காக வாதாடும் வினை வடிவம் இது. தீவகத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் அதே மேசைகளில் அமர்ந்துதான் அதைப் படிக்கிறார்கள்.

வாசிப்பதற்கு முன் ஒரு குறிப்பு

இந்த நூலில் பிரெஞ்சுச் சொற்களின் ஒலி தமிழ் எழுத்தில் தரப்படுகிறது. எழுத்துக்கூட்டலைச் சொல்லும்போது மட்டும் எழுத்துகளின் பெயர்கள் நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பழகிய ஆங்கில முறையில் வரும்: ஏ, ஈ, ஐ, எம், என், ஆர், எஸ், டி. உயிரெழுத்தின் தலையில் வரும் கூம்பு வடிவக் குறியைக் ‘கூரைக்குறி’ என்றும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் சிறு கோட்டைச் ‘சரிகோடு’ என்றும் இங்கே அழைப்போம். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஆகவே ஒலியும் எழுத்தும் இரண்டும் வேண்டும்.

மூவிடப் பெயர்கள் இவை: ஜெ (நான்), த்யூ (நீ), இல் (அவன்), எல் (அவள்), நூ (நாங்கள்), வூ (நீங்கள்). ‘அவர்கள்’ என்பதும் ஒலியில் இல், எல் தான். எழுத்தில் மட்டும் கடைசியில் எஸ் சேரும்.

முதல் அணி: ஈ-ஆர் என்று முடியும் வினைகள்

பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது இந்த வகை. அகராதி வடிவம் ஈ-ஆர் என்று முடியும், ‘ஏ’ என்று ஒலிக்கும்: கித்தே (விட்டுப் போதல்), பார்லே (பேசுதல்), மார்ஷே (நடத்தல்), த்ரவெர்ஸே (கடத்தல்), அரிவே (வந்துசேர்தல்).

செய்ய வேண்டியது இரண்டு படிகள். கடைசி ஈ-ஆர் இரண்டையும் நீக்கினால் பகுதி கிடைக்கும். அதோடு கீழுள்ள விகுதியைச் சேர்க்க வேண்டும். ‘கித்தே’யை எடுத்துக்கொள்வோம்.

ஜெ கித்தே – விகுதி: ஏ, ஐ
த்யூ கித்தா – விகுதி: ஏ, எஸ்
இல், எல் கித்தா – விகுதி: ஏ மட்டும்
நூ கித்தாம் – விகுதி: கூரைக்குறியிட்ட ஏ, பிறகு எம், ஈ, எஸ்
வூ கித்தாத் – விகுதி: கூரைக்குறியிட்ட ஏ, பிறகு டி, ஈ, எஸ்
இல், எல் கித்தேர் (பன்மை) – விகுதி: சரிகோடிட்ட ஈ, பிறகு ஆர், ஈ, என், டி

படர்க்கை ஒருமையில் ஏ-க்குப் பிறகு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே டி போடுவது தொடக்கநிலை மாணவர் அதிகம் செய்யும் பிழை. படர்க்கைப் பன்மையின் கடைசி ஈ, என், டி மூன்றும் ஊமை எழுத்துகள், ‘ஏர்’ என்பதோடு ஒலி நின்றுவிடும்.

இன்னொரு நற்செய்தி. நிகழ்காலத்தில் பகுதி மாறித் தொல்லை தரும் வினைகள் இங்கே அடங்கிவிடுகின்றன. அழைத்தல் என்னும் ‘அப்பெலே’ நிகழ்காலத்தில் எல் எழுத்தை இரட்டிக்கும், வாங்குதல் என்னும் ‘அஷ்தே’ சரிகோடு கேட்கும். பஸே சேம்ப்ளில் இரண்டும் அமைதியாக ‘இல் அப்பெலா’, ‘இல் அஷ்தா’ என்று வரும். போதல் என்னும் ‘அலே’ நிகழ்காலத்தில் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. இங்கேயோ ஒழுங்கு வினையாகி, ‘இல் அலா’, பன்மையில் ‘இல் அலேர்’ என்று நிற்கும்.

இரண்டாம் அணி: ஐ-ஆர், ஆர்-ஈ என்று முடிபவை

மீதி இரண்டு ஒழுங்கு வகைகளும் ஒரே விகுதித் தொகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐ-ஆர் வகைக்கு ‘ஃபினீர்’ (முடித்தல்), ‘ஷ்வாஸீர்’ (தேர்தல்), ‘பாத்தீர்’ (கட்டுதல்) ஆகியவை எடுத்துக்காட்டு. ஆர்-ஈ வகைக்குத் ‘தெஸாந்த்ர்’ (இறங்குதல்), ‘அத்தாந்த்ர்’ (காத்திருத்தல்), ‘ரெப்போந்த்ர்’ (பதில் சொல்லுதல்). முதல் வகையில் ஐ-ஆரையும், இரண்டாவதில் ஆர்-ஈயையும் நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டியவை:

ஜெ – ஐ, எஸ்
த்யூ – ஐ, எஸ்
இல், எல் – ஐ, டி
நூ – கூரைக்குறியிட்ட ஐ, பிறகு எம், ஈ, எஸ்
வூ – கூரைக்குறியிட்ட ஐ, பிறகு டி, ஈ, எஸ்
இல், எல் (பன்மை) – ஐ, ஆர், ஈ, என், டி

ஒலியில்: ஜெ ஃபினி, த்யூ ஃபினி, இல் ஃபினி, நூ ஃபினீம், வூ ஃபினீத், இல் ஃபினீர். அதேபோல் ஜெ தெஸாந்தி, த்யூ தெஸாந்தி, இல் தெஸாந்தி, நூ தெஸாந்தீம், வூ தெஸாந்தீத், இல் தெஸாந்தீர்.

நிகழ்காலப் பன்மையில் ஃபினீர் வகை வினைகளுக்கு நடுவில் ஓர் ‘இஸ்’ ஒலி நுழையும்: நூ ஃபினிஸோன். பஸே சேம்ப்ளில் அந்த ஒலிக்கு இடமில்லை. ‘ஃபினிஸீர்’ என்று எழுதினால் அப்படி ஒரு சொல்லே பிரெஞ்சில் கிடையாது.

ஒழுங்கு வினைகள் என்ற பட்டியலில் இல்லாத பலவும் இந்த இரண்டாம் அணியை ஏற்கின்றன. புறப்படுதல் (பார்தீர்), வெளியேறுதல் (சொர்தீர்), உறங்குதல் (தொர்மீர்), திறத்தல் (ஊவ்ரீர்) ஆகிய நான்கும் ‘இல் பார்தி’, ‘இல் சொர்தி’, ‘இல் தொர்மி’, ‘இல் ஊவ்ரி’ என்றே வரும். ஆனால் வருதல் (வெனீர்), ஓடுதல் (கூரீர்), இறத்தல் (மூரீர்) மூன்றும் ஐ-ஆரில் முடிந்தாலும் வேறு வழி போகும். அவை அடுத்த அத்தியாயத்துக்கு உரியவை.

தமிழ் வினையைக் கற்ற ஒருவர் இந்த இடத்தில் தைரியம் கொள்ளலாம். நன்னூல் இறந்தகாலத்துக்குத் த், ட், ற், இன் என்று இடைநிலைகளை வகுக்கிறது. படித்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்று எந்த வினைக்கு எது என்பதைத் தமிழ்ப்பிள்ளை கேட்டுக் கேட்டே மனத்தில் பதிக்கிறது. பிரெஞ்சு ஒழுங்கு வினைக்கு ‘ஆ’ அணி ஒன்று, ‘இ’ அணி ஒன்று என்று இரண்டே. அகராதி வடிவத்தின் கடைசி எழுத்துகளைப் பார்த்தாலே எந்த அணி என்று தெரிந்துவிடும்.

முதலில் நான்கு விகுதிகள்

ஆறு இடங்கள், இரண்டு அணிகள் என்று பன்னிரண்டையும் ஒரே மூச்சில் மனனம் செய்யத் தேவையில்லை. கதை என்பது பெரும்பாலும் அவன், அவள், அவர்கள் செய்ததைச் சொல்வது. ஆகவே படர்க்கையின் நான்கு முடிவுகளை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆ – அவன் அல்லது அவள், முதல் அணி: கித்தா
ஏர் – அவர்கள், முதல் அணி: கித்தேர்
இ – அவன் அல்லது அவள், இரண்டாம் அணி: தெஸாந்தி
ஈர் – அவர்கள், இரண்டாம் அணி: தெஸாந்தீர்

இந்த நான்கும் கண்ணுக்குப் பழகிவிட்டால் ஒரு கதைப்பக்கத்தின் ஒழுங்கு வினைகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். அடுத்து ‘ஜெ’ வடிவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், தன்மையில் சொல்லப்படும் ‘குட்டி இளவரசன்’ போன்ற நூல்களுக்கு அது வேண்டும். ‘நூ’ வடிவம் நினைவுக்குறிப்புகளிலும் பயணநூல்களிலும் எதிர்ப்படும். ‘த்யூ’, ‘வூ’ வடிவங்கள் மிக அரிது. ஏட்டுக் காலத்தில் எதிரே இருப்பவரோடு யாரும் பேசுவதில்லை என்பதே காரணம். அவற்றைக் கடைசியாக, அடையாளம் காணும் அளவுக்கு மட்டும் அறிந்தால் போதும்.

உரையாடல் வரும் பக்கங்களில் வினை முன்னும் ‘அவன்’ பின்னுமாக இடம்மாறும். ‘என்று கேட்டான்’ என்பதற்குத் ‘தெமாந்தா-தீல்’, ‘என்று பதில் சொன்னாள்’ என்பதற்கு ‘ரெப்போந்தீ-தெல்’. முதலாவதில் இரண்டு உயிர்கள் முட்டாமல் இருக்க நடுவில் ஒரு டி-யைச் சிறு கோடுகளுக்கிடையே செருகுவார்கள். இரண்டாவதில் டி ஏற்கெனவே விகுதியில் இருப்பதால் அதுவே ஒலித்துவிடும். நாவல் வாசிப்பவர் இந்த இரண்டு தொடர்களையும் பக்கத்துக்குப் பக்கம் காண்பார்.

எழுத்துக்கூட்டலில் கவனம்

மூன்று இடங்களில் கை தவறும்.

ஜீ-ஈ-ஆர் என்று முடிபவை: மான்ஜே (உண்ணுதல்), நாஜே (நீந்துதல்). விகுதியின் ஏ-க்கு முன் ஜீ எழுத்து நேராக வந்தால் அதன் ஒலி ‘க’ பக்கம் மாறிவிடும். ஒலியைக் காக்க நடுவில் ஓர் ஈ எழுத்தை விட்டுவைப்பார்கள். ‘இல் நாஜா’ என்பதில் அந்த ஈ இருக்கும். ‘இல் நாஜேர்’ என்ற பன்மையில் விகுதியே ஈ-யில் தொடங்குவதால் கூடுதல் எழுத்து வேண்டியதில்லை.

சீ-ஈ-ஆர் என்று முடிபவை: கொமான்ஸே (தொடங்குதல்), ப்ளாஸே (வைத்தல்). இங்கேயும் அதே காரணம், தீர்வுதான் வேறு. விகுதி ஏ-யில் தொடங்கும் ஐந்து இடங்களிலும் சீ எழுத்தின் அடியில் ‘செதீய்’ என்னும் வால் போட வேண்டும். ‘கொமான்ஸேர்’ என்ற பன்மைக்கு வால் தேவையில்லை.

கூரைக்குறி: நூ, வூ இரண்டிலும் கட்டாயம். 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளின் மேலிருந்த கூரைக்குறிகள் பலவற்றை விருப்பத்துக்கு விட்டது. ஆனால் பஸே சேம்ப்ள் விகுதிகளில் உள்ளவற்றை அது அப்படியே காத்தது. படர்க்கை ஒருமையில் கூரைக்குறி கிடையாது. ‘இல் ஃபினி’யின் ஐ எழுத்தின் மேல் அந்தக் குறி தெரிந்தால் அது வேறொரு காலம், அதாவது ‘சப்ஜோங்க்தீஃப் ஏம்பர்ஃபே’. பழைய நூல்களில்தான் அது வரும்.

எவற்றோடு குழம்பும்

எதிர்காலத்தோடு முதலில் குழம்பும். எதிர்காலத்தின் ஒருமை விகுதிகளும் ஏ-ஐ, ஏ-எஸ், ஏ தான். வேறுபாடு பகுதியில் இருக்கிறது. எதிர்காலம் அகராதி வடிவத்தை முழுமையாக வைத்துக்கொண்டு அதன்மேல் விகுதியை ஏற்றும். ‘இல் கித்தா’ என்றால் விட்டுப் போனான். ‘இல் கித்தெரா’ என்றால் விட்டுப் போவான். நடுவில் ஈ-ஆர் தெரிகிறதா என்று கண் தேட வேண்டும்.

நிகழ்காலத்தோடும் குழம்பும். ஃபினீர் வகையின் ஒருமை மூன்று வடிவங்களும் நிகழ்காலத்திலும் பஸே சேம்ப்ளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ‘இல் ஃபினி’ என்றால் ‘முடிக்கிறான்’ என்றும் ‘முடித்தான்’ என்றும் கொள்ளலாம். முன்னும் பின்னும் உள்ள வினைகள்தான் தீர்ப்புச் சொல்லும். தெஸாந்த்ர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. நிகழ்காலம் ‘இல் தெஸான்’, இறந்தகாலம் ‘இல் தெஸாந்தி’.

காதை நம்பினால் மூன்றாவது குழப்பம் வரும். ‘ஜெ கித்தே’ என்ற பஸே சேம்ப்ள், ‘கித்தே’ என்ற அகராதி வடிவம், பஸே கொம்போஸேயில் வரும் ‘கித்தே’ மூன்றும் ஒலியில் ஒன்று. ‘ஃபினீர்’ என்ற அகராதி வடிவமும் ‘முடித்தார்கள்’ என்ற ‘ஃபினீர்’ வடிவமும் அப்படியே. ஒலிவடிவ நூலைக் கேட்டுப் பயில விரும்புவோர் அச்சுப் பக்கத்தையும் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

பின்னணியும் நிகழ்வும்

பஸே சேம்ப்ள் தனியே வருவதில்லை. ‘ஏம்பர்ஃபே’ என்னும் மற்றோர் இறந்தகாலம் அதன் கூடவே நடக்கும். நிலவிக்கொண்டிருந்த நிலை, வழக்கம், வருணனை ஆகியவை ஏம்பர்ஃபேக்கு உரியவை. நடந்து முடிந்து கதையை ஓர் அடி நகர்த்தும் செயல் பஸே சேம்ப்ளுக்கு உரியது. காற்று வீசிக்கொண்டிருந்தது, மக்கள் காத்துநின்றார்கள் என்பது பின்னணி. வள்ளம் வந்தது, அவன் ஏறினான் என்பது நிகழ்வு. தமிழில் ‘கொண்டிருந்தது’ என்று விரித்துச் சொல்லத் தோன்றும் இடங்களில் பெரும்பாலும் ஏம்பர்ஃபே நிற்கும். ‘வந்தது’ என்று சட்டென முடிக்கும் இடங்களில் பஸே சேம்ப்ள் நிற்கும்.

ஒரு சிறு வாசிப்புப் பகுதி

1983க்குப் பிறகும், 1990களின் தொடக்கத்தில் தீவகமே இடம்பெயர்ந்தபோதும், கடல் கடந்து போன பலரின் பயணத்தை நினைவில் வைத்து இந்தப் பயிற்சிக்காக எழுதப்பட்ட வரிகள் இவை. முதலில் ஒலி, பிறகு பொருள்.

அன் மத்தேன், இல் கித்தா இறுப்பிட்டி. – ஒரு காலை, அவன் இறுப்பிட்டியை விட்டுப் புறப்பட்டான்.
இல் மார்ஷா ஜுஸ்கோ போர். – துறைவரை நடந்தான்.
ல வான் சூஃப்லே. – காற்று வீசிக்கொண்டிருந்தது.
இல் அத்தாந்தி ல பத்தோ. – வள்ளத்துக்குக் காத்திருந்தான்.
லே வ்வாஸேன் ப்ளெரேர். – அயலவர்கள் அழுதார்கள்.
ல பத்தோ த்ரவெர்ஸா லா மேர். – வள்ளம் கடலைக் கடந்தது.
ஆ பாரீ, இல் ஷ்வாஸி அன் மெத்யே. – பாரிசில் ஒரு தொழிலைத் தேர்ந்தான்.

ஏழு வரிகளில் ஆறு பஸே சேம்ப்ள். மூன்றாவது வரியின் ‘சூஃப்லே’ மட்டும் ஏம்பர்ஃபே. நான்காம் வரி ஒரு பாடம் சொல்கிறது. காத்திருத்தல் நீண்ட நேரம் எடுத்த செயல்தான், இருந்தும் தொடங்கி முடிந்த ஒரு கட்டமாகக் கதை அதைப் பார்க்கிறது. அதனால் ‘அத்தாந்தி’. கால நீளத்தைக் காட்டிலும் செயல் முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்பதுதான் இங்கே அளவுகோல்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

தமிழ் வாசகருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ‘குட்டி இளவரசன்’, ‘அந்நியன்’ இரண்டுமே பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழில் வந்தவை. க்ரியா வெளியிட்ட அந்த மொழிபெயர்ப்புகளில் வெ. ஸ்ரீராமின் கை உண்டு, ‘குட்டி இளவரசன்’ ச. மதனகல்யாணியோடு சேர்ந்து செய்தது. பிரெஞ்சுப் புத்தகத்தை இடப்பக்கமும் தமிழை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, ஒரு பத்தி பிரெஞ்சில், அதே பத்தி தமிழில் என்று போகலாம். ‘குட்டி இளவரச’னில் பஸே சேம்ப்ள் வடிவங்களைப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். ‘அந்நியன்’ பக்கத்துக்குப் போனால் அதே வகை நிகழ்வுகள் பேச்சின் இறந்தகாலத்தில் வருவதைக் காணலாம். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசித்தவருக்கு இந்த இரண்டு காலங்களும் பிறகு குழம்பாது.

சிறுவர்களோடு வாசிக்கப் பெரோவின் கதைகள் பொருத்தம். கதை முன்பே தெரிந்திருப்பதால் வினையை ஊகிக்கலாம். கொஞ்சம் நீண்ட வாசிப்புக்கு வெர்னின் ‘எண்பது நாளில் உலகப் பயணம்’ உதவும். செயல்கள் வேகமாக அடுக்கி வருவதால் படர்க்கை வடிவங்கள் குவிந்திருக்கும், கதை இந்தியாவின் ஊடாகவும் போகிறது.

பிரெஞ்சு ஏடு தீவகத்துக்கு அன்னியமாக இருந்த காலமும் போய்விட்டது. அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சில் வாழும் ஷோபாசக்தியின் கதைகள் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் நூலாக வந்திருக்கின்றன. அவர் நடித்த ‘தீபன்’ 2015இல் கான் திரைவிழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. பிரெஞ்சு வாசகர்கள் தீவகத்தைப் பிரெஞ்சில் வாசிக்கும்போது, தீவகத்தார் பிரெஞ்சு நூல்களைத் தயங்காமல் விரிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் விருப்பம்.

பயிற்சி

ஒன்று. கீழுள்ள வினைகளுக்கு ‘அவன்’, ‘அவர்கள்’ வடிவங்களை எழுதுக: எமே (நேசித்தல், ஈ-ஆர்), பாத்தீர் (கட்டுதல், ஐ-ஆர்), பெர்த்ர் (இழத்தல், ஆர்-ஈ), நாஜே (நீந்துதல், ஜீ-ஈ-ஆர்), ப்ளாஸே (வைத்தல், சீ-ஈ-ஆர்).

இரண்டு. பேச்சிலிருந்து ஏட்டுக்கு மாற்றுக: இல் ஆ மார்ஷே (நடந்தான்), எல் ஸோன் ஷ்வாஸி (அவர்கள் தேர்ந்தார்கள், பெண்பால்), நூஸாவோன் அத்தாந்த்யூ (காத்திருந்தோம்).

மூன்று. ‘இல் ஃபினி எ இல் பார்ல்’, ‘இல் ஃபினி எ இல் பார்லா’ ஆகிய இரண்டு தொடர்களிலும் ‘ஃபினி’ எந்தக் காலம்?

விடைகள்

ஒன்று. எமா, எமேர். பாத்தி, பாத்தீர். பெர்தி, பெர்தீர். நாஜா, நாஜேர்: ஒருமையில் ஏ-க்கு முன் ஈ எழுத்து உண்டு, பன்மையில் கூடுதலாக எதுவும் வேண்டாம். ப்ளாஸா, ப்ளாஸேர்: ஒருமையில் சீ-க்கு வால் உண்டு, பன்மையில் இல்லை.

இரண்டு. இல் மார்ஷா. எல் ஷ்வாஸீர். நூஸாத்தாந்தீம்: ஐ எழுத்தின் மேல் கூரைக்குறியை மறக்கக் கூடாது.

மூன்று. முதல் தொடரில் ‘பார்ல்’ நிகழ்காலம், ஆகவே கூடவரும் ‘ஃபினி’யும் நிகழ்காலம்: முடிக்கிறான், பேசுகிறான். இரண்டாவதில் ‘பார்லா’ பஸே சேம்ப்ள், ஆகவே ‘ஃபினி’யும் அதுவே: முடித்தான், பேசினான். ஐ-ஆர் வினை ஒருமையில் வந்து ஐயம் எழும்போதெல்லாம், அதே பத்தியில் ஈ-ஆர் வினை ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் விகுதியைப் பார்த்தால் காலம் தெரிந்துவிடும்.